மலைக் குடிலில் சிவப்புக் கடல்பாசி: வாசகர் கேள்வி பதில்

பசுமைக்குடிலுக்குள் சிவப்புக் கடல்பாசி வளர்ப்பது பற்றியும், வளர்த்ததை ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்ப்பது பற்றியும் நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் சேர்த்துவிட்டோம்.

கார்னேஷன் போட்டிருந்த பாலிஹவுஸ் காலியாகக் கிடக்கிறது. அதில் கடல்பாசி வளர்த்து விற்கலாமா? எந்த வகை தோதுப்படும்?
– வாசகர், கேத்தி

வளர்க்கலாம். ஆனால் காயவைத்து மூட்டை கட்டி விற்கும் எண்ணமிருந்தால் வேண்டாம். மண்டபம், தொண்டி பக்கத்தில் கடலே தொட்டி, வெயிலே அடுப்பு. மிதவையும் கயிறும் மட்டும்தான் செலவு. உப்பையும் கரண்டையும் காசு கொடுத்து வாங்கும் நீங்கள் அந்த விலைக்கு ஈடுகொடுக்க முடியாது. மலையில் இதற்கு இடமிருப்பது வேறு வேலைகளில்: சுத்தமான விதைப்பாசியைக் காப்பது, நிறமிக்காகச் சிறிய அளவில் வளர்ப்பது, கல்லூரி ஆய்வுக்கு ஒரே தரத்தில் மாதிரி கொடுப்பது. கடலில் பருவத்துக்குப் பருவம் பாசியின் சேர்மானம் மாறிக்கொண்டே இருக்கும். குடிலில் அதை நம் கைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்பதுதான் இந்தத் தொழிலின் ஒரே பலம்.

வகையைப் பொறுத்தவரை, கரையோரத்தில் பெப்சி பாசி என்று சொல்லும் கப்பாஃபைகஸ் மலைக்கு ஆகாது. அது 25 முதல் 30 டிகிரி வரை கேட்கும். தண்ணீர் 20 டிகிரிக்குக் கீழே போனால் சுணங்கி, நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கும். கஞ்சிப்பாசி, அதாவது கிராசிலேரியா எடுலிஸ், ஓரளவு பொறுமைசாலி. 20 முதல் 28 டிகிரி வரை நன்றாக வளரும். உப்பு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் தாங்கும். அதில் ஆரம்பியுங்கள். குளிருக்கே பிறந்த பால்மேரியா, காண்ட்ரஸ் போன்றவை ஊட்டிக்குப் பொருத்தமாகத் தெரியும். ஆனால் அவை அட்லாண்டிக் கடல்வகைகள். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள கடல்பாசியைக் கொண்டுவர மத்திய மீன்வளத் துறை 2024-ல் தனி வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. அனுமதியும் தனிமைக்காப்பும் இல்லாமல் ஒரு துண்டு கூட வரவழைக்கக் கூடாது.

சூடேற்றும் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். 1,000 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 1.16 யூனிட் மின்சாரம் வேண்டும். 12 டிகிரியில் இருக்கும் நீரை 24-க்குக் கொண்டுபோக 14 யூனிட். அது ஒருமுறைச் செலவு. இரவில் 5 டிகிரி இறங்கினால் மறுநாள் சுமார் 6 யூனிட் மறுபடியும். டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் பாலிதீன் கூரை மட்டும் காப்பாற்றாது. உள்ளே வெளியைவிடச் சில டிகிரிதான் கூடுதல். தொட்டியைச் சுற்றி 50 மி.மீ. தெர்மாகோல், இரவில் நீரின் மேல் மிதக்கும் மூடி, இரண்டும் இருந்தால் இழப்பு பெருமளவு குறையும். சோலார் ஹீட்டரை இணைப்பதானால் சுற்றுக்குழாய் பிளாஸ்டிக்கிலோ டைட்டானியத்திலோ இருக்கட்டும். செம்புச் சுருள் போட்டால் பாசி செத்துவிடும். இத்தனையும் பார்த்தால், உதகையைவிடக் கோத்தகிரியின் கீழ்ச்சரிவு, கூடலூர், பழனி மலையில் தாண்டிக்குடி பக்கம் இந்த வேலைக்கு லாபமான இடங்கள். மானியத்தில் போட்ட குடில் என்றால் பயிரை மாற்றுவதற்கு முன் தோட்டக்கலைத் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடல்நீரை லாரியில் ஏற்றி வரவேண்டுமா? உப்பைக் கரைத்தால் போதாதா?
– வாசகர், பண்ணைக்காடு

வெறும் உப்பைக் கரைத்தால் போதாது. லாரியும் தேவையில்லை. கடல்நீரில் மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் ஒரு விகிதத்தில் இருக்கின்றன. அந்த விகிதம்தான் முக்கியம். 1,000 லிட்டருக்கு இந்த அளவு போடுங்கள்: அயோடின் சேர்க்காத தூள் உப்பு 27.3 கிலோ, எப்சம் உப்பு 7 கிலோ, மெக்னீசியம் குளோரைடு செதில் 5.1 கிலோ, கால்சியம் குளோரைடு (இரு நீர்மூலக்கூறு கொண்டது) 1.5 கிலோ, பொட்டாசியம் குளோரைடு 680 கிராம், சமையல் சோடா 200 கிராம், பொட்டாசியம் புரோமைடு 100 கிராம், போரிக் அமிலம் 26 கிராம். இது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள முழுக் கடல்நீர். கஞ்சிப்பாசிக்கு 30 பங்கே போதும்; எல்லாவற்றையும் 0.86-ஆல் பெருக்கிக்கொண்டால் ஏழில் ஒரு பங்குச் செலவு மிச்சம்.

எப்சம் உப்பு உங்கள் ஊர் உரக்கடையிலேயே கிடைக்கும். பொட்டாஷ் வாங்கும்போது கவனம்: 0-0-50 என்பது சல்பேட், அது வேண்டாம். செந்நிறப் பொட்டாஷில் இரும்பும் மண்ணும் இருக்கும், அதுவும் வேண்டாம். வெள்ளைக் குளோரைடுதான் தேவை. மெக்னீசியம் குளோரைடு மலை மூடுபனியில் ஈரத்தை இழுத்துக் கூழாகிவிடும். உடைத்த பையை அப்படியே வைத்திருந்து அடுத்த வாரம் நிறுத்தால் பாதி எடை தண்ணீராக இருக்கும். ஒருமுறைக்கு ஒரு பை என்று வாங்கி முழுதாகக் கரைத்துவிடுங்கள்.

கரைக்கும் முறையில்தான் பலர் சறுக்குகிறார்கள். தொட்டியில் முக்கால் பங்கு நீர் நிரப்பி, காற்று ஓடவிட்டு, முதலில் உப்பு, பிறகு எப்சம், மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் உப்புகள், போரிக் அமிலம். கால்சியம் குளோரைடைத் தனி வாளியில் 20 லிட்டர் நீரில் கரைத்து மெல்ல ஊற்றுங்கள். கரையும்போது வாளி சுடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சமையல் சோடாவையும் தனியாகக் கரைத்துக் கடைசியில் சேர்க்க வேண்டும். கால்சியக் கரைசலை அடர்த்தியாக எப்சத்தோடு சேர்த்தால் ஜிப்சமாகவும், சோடாவோடு சேர்த்தால் சுண்ணாம்பாகவும் படிந்து நீர் பாலாகிவிடும். அப்படிப் பாலான நீரை வடிகட்டிப் பயன்படுத்தாதீர்கள். எது எவ்வளவு போனது என்று தெரியாது. மீதி நீரை நிரப்பி, 24 மணி நேரம் காற்றோட்டம் கொடுத்த பிறகு ரிஃப்ராக்டோமீட்டரில் உப்பையும் மீட்டரில் பி.எச்.சையும் பாருங்கள். 8.0 முதல் 8.3 வரை இருந்தால் சரி.

அடிநீர் எது என்பதும் முக்கியம். மழைநீர் நல்லதுதான், ஆனால் தகரக் கூரையில் விழுந்த மழைநீரில் துத்தநாகம் இருக்கும். பக்கத்தில் தேயிலைத் தோட்டம் என்றால் கொப்புள நோய்க்கு அடிக்கும் காப்பர் ஆக்ஸிகுளோரைடு சாரலாக வந்து கூரையில் படிந்திருக்கும். கடல்பாசிக்குச் செம்பு லிட்டருக்கு மில்லிகிராமில் ஒரு சிறு பின்னம் இருந்தாலே விஷம். மருந்தடிக்கும் நாட்களில் மழைநீர் பிடிக்காதீர்கள்.

தொட்டி, வெளிச்சம், காற்று, உரம்: அளவாகச் சொல்லுங்கள்.
– வாசகர், கூக்கால்

60 செ.மீ. ஆழத் தொட்டி போதும். ஃபைபர் அல்லது உணவுத்தர பிளாஸ்டிக். 1,000 லிட்டருக்கு நீர்ப்பரப்பு 1.7 சதுர மீட்டர் வரும். சதுர மீட்டருக்கு 2 கிலோ ஈரப்பாசி என்று தொடங்கி, 4 கிலோ ஆனதும் பாதியை அறுங்கள். மிகக் குறைவாகப் போட்டால் வெளிச்சம் மிஞ்சி வேண்டாத பச்சைப்பாசி பிடிக்கும். மிக அதிகமானால் ஒன்றன் நிழலில் ஒன்று நின்றுபோகும்.

தொட்டியின் அடியில் நடுவாக, ஓட்டை போட்ட பி.வி.சி. குழாய். ப்ளோயர் காற்று அதில் ஓடும்போது பாசி நடுவில் எழும்பி ஓரமாக இறங்கிச் சுழல வேண்டும். அடியில் படிந்து கிடப்பது இரண்டு நாளில் அழுகும். உதகை உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவு. அதனால் நீரில் கரையும் கரியமில வாயுவும் அதே அளவு குறைவு. சமவெளிக்குச் சொன்ன ப்ளோயரை இங்கே ஒரு படி பெரிதாக எடுங்கள். மழைக்காலத்தில் மரம் விழுந்து கரண்டு போகும் ஊர்களில் சின்ன இன்வெர்ட்டர் கட்டாயம். இரவில் காற்று நின்றால் பாசியே நீரிலுள்ள ஆக்ஸிஜனைத் தின்று தீர்க்கும்.

வெளிச்சம் 6,000 முதல் 13,000 லக்ஸ். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரும் என்பதால் வெயில் மாதங்களில் பாலிதீனுக்குக் கீழே 75 சதவீத நிழல்வலை வேண்டும். நீலகிரியில் ஜூன் முதல் செப்டம்பர் வரை, கொடைக்கானலில் அக்டோபர், நவம்பரில், மேகம் மூடிய நாட்களில் வலையைச் சுருட்டிவிடுங்கள். வலையை ஆண்டு முழுதும் ஆணியடித்து வைத்துவிட்டு ‘வளர்ச்சி இல்லை’ என்று எழுதுகிறவர்கள் அதிகம். கூரைத்தாள் புற ஊதா தாங்கும் 200 மைக்ரான் தாளாக இருக்கட்டும். மலையில் அந்தக் கதிர் கூடுதல்.

உரத்துக்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம். ஆய்வுக்கூடங்களில் பயன்படும் எஃப்/2 ஊட்டக் கரைசலில் நைட்ரஜனும் பாஸ்பரசும் எவ்வளவோ, அந்த அளவு உங்கள் சொட்டு உர மூட்டையிலேயே இருக்கிறது. 1,000 லிட்டருக்கு 13-0-45 உரம் (பொட்டாசியம் நைட்ரேட்) 90 கிராம், 0-52-34 உரம் (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) 5 கிராம், 12 சதவீத இரும்புள்ள ஈ.டி.டி.ஏ. உரம் 5 கிராம். வாரத்துக்கு ஒருமுறை, சாயங்காலம். கடையில் விற்கும் நுண்ணூட்டக் கலவையை மட்டும் போடாதீர்கள், அதில் செம்பு இருக்கும். உப்புகளில் ஒட்டிவரும் மாங்கனீசும் துத்தநாகமும் தொடக்கத்துக்குப் போதும். யூரியா, அம்மோனியம் உரங்களும் வேண்டாம்: பகலில் பி.எச். 9-ஐத் தொட்டால் அம்மோனியம் அம்மோனியாவாகிப் பாசியைச் சுடும்.

ஆவியாகிக் குறையும் நீருக்கு ஈடாக நல்ல நீர்தான் ஊற்ற வேண்டும், உப்புநீர் அல்ல. தண்ணீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே நிற்கிறது.

சிமென்ட் தொட்டி இருக்கிறது. பயன்படுத்தலாமா?
– வாசகர், கோத்தகிரி

புதிய சிமென்ட் பல வாரம் சுண்ணாம்பு கக்கும்; பி.எச். 10 வரை போகும். நீர் நிரப்பி, வடித்து, மறுபடி நிரப்பி, பி.எச். 8.5-க்குக் கீழே நிலைக்கும்வரை ஊறவையுங்கள். உள்ளே எபாக்ஸி பூசினால் நிம்மதி. குடிலின் துத்தநாகப் பூச்சுக் குழாய்களிலிருந்து காலைப் பனித்துளி நேராகத் தொட்டியில் சொட்டாதபடி ஒரு சாய்வுத் தாள் கட்டுங்கள். காற்றுக் குமிழி உடைவதால் உப்புச் சாரல் பறக்கும். அந்தக் குழாய்கள் துருப்பிடிக்கும், பக்கத்தில் லில்லியம் பூச்செடி வைத்திருந்தால் இலை நுனி கருகும். ஒரே குடிலில் இரண்டும் வேண்டாம்.

பாசி வெளுத்துக்கொண்டே போகிறது. நோயா, பசியா, வெயிலா?
– வாசகர்கள், குன்னூர், வில்பட்டி

வெளுப்பது என்பது பல காரணங்களுக்கு ஒரே முகம். எங்கே வெளுக்கிறது, எவ்வளவு வேகமாக வெளுக்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம்.

மேகம் விலகி இரண்டு மூன்று நாளில், மேலே மிதந்த பகுதி மட்டும் வெளுத்து, அடிப்பகுதி சிவப்பாகவே இருந்தால் வெயில். வலையைப் போடுங்கள், ஒரு வாரத்தில் தேறும்.

ஒன்றிரண்டு வாரமாக மெல்ல மெல்ல, எல்லாக் கிளையும் ஒன்றுபோல் வைக்கோல் நிறத்துக்கோ மங்கிய பச்சைக்கோ போனால் நைட்ரஜன் பற்றாக்குறை. சிவப்புப் பாசியின் நிறத்துக்குக் காரணமான ஃபைகோஎரித்ரின் ஒரு புரதம். வெளிச்சம் பிடிக்கும் வேலையோடு நைட்ரஜன் சேமிப்புக் கிடங்காகவும் அது இருக்கிறது. பசி வந்தால் பாசி முதலில் அதைத்தான் உடைத்துத் தின்னும். உள்ளே இருக்கும் குளோரோஃபில் அப்போதுதான் கண்ணுக்குத் தெரியும். பாசி உறுதியாக, முறுமுறுவென்று உடைவதாக இருந்தால் இந்தச் சந்தேகம் உறுதி. உரம் கொடுத்தால் சில நாளில் நிறம் திரும்பும்.

தண்ணீரே இளஞ்சிவப்பாகிவிட்டால் கவலைப்படுங்கள். செல் உடைந்து நிறமி வெளியே கசிகிறது என்று பொருள். கூரை ஒழுகி மழைநீர் கலந்திருக்கலாம், ஹீட்டர் நின்று திடீர்க் குளிர் தாக்கியிருக்கலாம். உடனே உப்பையும் வெப்பத்தையும் அளந்து, நாலு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு மெல்லச் சரிசெய்யுங்கள். அவசரமாகச் சரிசெய்தால் இரண்டாவது அதிர்ச்சி.

நுனிகள் மட்டும் செத்து, வளர்ச்சி அடியோடு நின்றால் செம்போ துத்தநாகமோ. பித்தளை வால்வு, செம்புக் கம்பி, துத்தநாகப் பூச்சு வாளி என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். உரத்தால் இது தீராது, தண்ணீரை முழுதும் மாற்ற வேண்டும். கிளையின் நடுவில் அங்கங்கே வெள்ளை வளையம், தொட்டால் குழைவு என்றால் பாக்டீரியா உள்ளே நுழைந்திருக்கிறது. நல்ல பகுதியிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி வெட்டி எடுத்து, மற்றதைத் தொட்டியிலிருந்து அகற்றுங்கள். பாக்டீரியா பெரும்பாலும் பின்னால் வருகிற விருந்தாளி. முதலில் பலவீனப்படுத்தியது குளிரா உப்பா என்று பாருங்கள்.

மேலே வெள்ளைத் தூள் படிந்து, துடைத்தால் போனால் அது வெளுப்பே அல்ல. நண்பகலில் பி.எச். 9-ஐத் தாண்டி சுண்ணாம்பு படிகிறது. பாசி கரியமிலத்தை இழுக்கும் வேகத்துக்குக் காற்று ஈடுகொடுக்கவில்லை. பாசியைக் குறையுங்கள், காற்றைக் கூட்டுங்கள். அவசரத்துக்கு 1,000 லிட்டருக்கு 84 கிராம் சமையல் சோடா தாங்கும், ஆனால் அது நிரந்தர வழி அல்ல.

மழைக்காலத்தில் பாசி கருஞ்சிவப்பாகிறதே என்று ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். அது நோயில்லை, மங்கிய வெளிச்சத்தில் நிறமியைக் கூட்டிக்கொள்கிறது.

பச்சை நூல்பாசியும் பழுப்புப் படலமும் மேலே மேலே பிடிக்கின்றன.
– வாசகர், மன்னவனூர்

சாயங்காலம் உரம் கொடுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். கிராசிலேரியா ஒரே இரவில் நைட்ரஜனை உறிஞ்சிப் பதுக்கிவைத்து ஒரு வாரம் ஓட்டும். நூல்பாசிக்கு அந்தச் சேமிப்பு வசதி குறைவு. தினம் கொஞ்சம் கொஞ்சமாக உரம் போடுவது களைக்கு ஊட்டுவதுதான். பிடித்துவிட்டால் வெளிச்சத்தைப் பாதியாக்கி, பாசியை நெருக்கிப் போடுங்கள். இறால் குஞ்சு போன்ற சிறு பூச்சிகள் இருந்தால், பாசியை நல்ல தண்ணீரில் ஒன்றிரண்டு நிமிடம் முக்கி எடுத்துத் திருப்பிவிடுங்கள். பூச்சி சாகும், கஞ்சிப்பாசி தாங்கும். அதற்கு மேல் வைத்தால் நிறமி கசியும்.

விதைப்பாசி எங்கே வாங்குவது? எப்படிக் கொண்டுவருவது?
– வாசகர், ஊட்டி

மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் மையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் இருக்கின்றன. அங்கே கேளுங்கள். மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிப் பொறுக்குவது சட்டவிரோதம். பாசியை நீரில் மிதக்கவிட்டு எடுத்துவராதீர்கள். கடல்நீரில் நனைத்துப் பிழிந்த சாக்கில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, இரவுப் பயணமாக 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். ஐஸ் வைக்கக் கூடாது.

கல்லூரி மாணவர்களுக்குக் குடில் பாசியின் வேதிச் சேர்மானத்தைப் பகுத்துக் காட்ட வேண்டும். எளிய உபகரணங்களே உள்ளன. எதை, எப்படி அளப்பது?
– விரிவுரையாளர், கொடைக்கானல்

மாதிரி எடுப்பதிலேயே பாதி வேலை முடிகிறது. ஒரே தொட்டியிலிருந்து மூன்று பிடி எடுத்து அதை மூன்று மாதிரி என்று எழுதாதீர்கள், மூன்று தொட்டி வேண்டும். எந்த நேரத்தில் அறுத்தீர்கள், கடைசியாக எப்போது உரமிட்டீர்கள் என்பதையும் குறியுங்கள். தொட்டிநீரின் அளவே உப்புள்ள சுத்தமான நீரில் அலசி, காய்ச்சி வடித்த நீரில் பத்து விநாடி மட்டும் முக்கி, ஒற்றி எடுங்கள். குழாயடியில் நின்று நிதானமாகக் கழுவினால் பொட்டாசியமும் நிறமியும் சாக்கடைக்குப் போகும். கழுவாமல் விட்டால் ஒட்டியிருக்கும் உப்பே சாம்பலாக, அதாவது பாசியின் கனிமமாக எண்ணப்படும்.

60 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள், பெரும்பாலும் 48 மணி நேரம். ஈரப்பாசி எட்டு முதல் பத்து கிலோவுக்கு ஒரு கிலோ காய்ந்தது கிடைக்கும். பொடித்த பாசி மூடுபனிக் காற்றில் வைத்தால் சில நிமிடத்திலேயே ஈரம் இழுக்கும். ஆகவே ஒவ்வொரு சோதனைக்கும் நிறுக்கும் அதே நேரத்தில் தனியாக ஒரு கிராம் எடுத்து 105 டிகிரியில் ஈரப்பதம் பார்த்துவிடுங்கள்.

சாம்பலுக்கு 2 கிராம் பொடி, மஃபிள் உலையில் 550 டிகிரி, ஐந்தாறு மணி நேரம். உலை சூடாக இருக்கும்போது வைக்காதீர்கள், பாசியின் பசை பொங்கி வழியும். 600-ஐத் தாண்டினால் குளோரைடு உப்புகள் ஆவியாகி எடை குறையும். சிவப்புப் பாசியில் சாம்பல் காய்ந்த எடையில் 15 முதல் 35 சதவீதம் வரை வருவது சகஜம். கொழுப்பு ஒன்றிரண்டு சதவீதம்தான். நேரம் குறைவென்றால் அதை விட்டுவிடலாம்.

மாணவர்களுக்கு மிகவும் பிடிப்பது நிறமி. அரை கிராம் ஈரப்பாசியை 6.8 பி.எச். கொண்ட 0.1 மோலார் பாஸ்பேட் பஃபரில் அரைத்து, உறையவைத்து உருகவிட்டு, 10 மி.லி. ஆக்கி, இருட்டில் 4 டிகிரியில் வைத்துப் பின் மையவிலக்கில் சுற்றுங்கள். 564, 592, 455 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலை எடுங்கள். 564-ன் அளவிலிருந்து 592-ஐக் கழியுங்கள். 455-லிருந்தும் 592-ஐக் கழித்து 0.20-ஆல் பெருக்கி, முதல் விடையிலிருந்து அதைக் கழியுங்கள். மிச்சத்தை 0.12-ஆல் பெருக்கினால் ஒரு மி.லி.யில் எத்தனை மில்லிகிராம் ஃபைகோஎரித்ரின் என்பது வரும். உதாரணமாக 0.62, 0.20, 0.35 என்று வந்தால்: 0.42 − 0.03 = 0.39, 0.12-ஆல் பெருக்க 0.0468. பத்து மி.லி.க்கு 0.468 மில்லிகிராம். அரை கிராமில் அது இருந்ததால் கிராமுக்கு 0.94. கரைசல் கலங்கலாக இருந்தால் எண் பொய் சொல்லும், மறுபடி சுற்றுங்கள்.

பாசியின் கட்டிப்படும் பசையான அகரை எடுப்பது மலையில் தனிக்கதை. 20 கிராம் காய்ந்த பாசியை 5 சதவீத காஸ்டிக் சோடாக் கரைசலில் 85 டிகிரியில் இரண்டு மணி நேரம் வைத்து, கழுவி, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் காரத்தை முறித்து, மறுபடி கழுவுங்கள். காரம் எதற்கென்றால், கட்டிப்படாமல் தடுக்கும் சல்பேட்டு உள்ள சர்க்கரை அலகை அது அன்ஹைட்ரோகேலக்டோஸாக மாற்றுகிறது. கட்டித்தன்மை வெகுவாகக் கூடும். பிறகு 800 மி.லி. நீரில் வேகவைக்க வேண்டும். சமவெளிப் புத்தகம் ‘ஒன்றரை மணி நேரம் கொதிக்க விடு’ என்கிறது. கொடைக்கானலில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அகர் முழுதும் இறங்காது. பிரஷர் குக்கரில் ஒரு மணி நேரம் வையுங்கள். சூடாகவே துணியில் பிழிந்து வடித்து, தட்டில் கட்டிப்பட விட்டு, உறையவைத்து உருக்குங்கள். உருகும் நீரோடு உப்பும் நிறமும் போய்விடும். ஜப்பானில் அகரை நாகானோ மலைப்பகுதியில் இரவுக் குளிரிலேயே இப்படி உறையவைத்துக் காயவைத்தார்கள். நம் உறைபனி அந்த அளவுக்குக் கடுமையில்லை, ஃப்ரீசர் வேண்டும். கிராசிலேரியாவில் காய்ந்த எடைக்கு 15 முதல் 25 சதவீதம் அகர் எதிர்பார்க்கலாம்.

இதே உயரக் கணக்கு, நீராவி அழுத்தத்தில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்கும் உண்டு. அளவி 15 பவுண்டு காட்டினாலும் உள்ளே 121 டிகிரி இருக்காது, 117 தான் இருக்கும். 15 நிமிட வேலைக்கு 40 நிமிடம் கொடுங்கள். ஊட்டக் கரைசல் அடிக்கடி கெட்டுப்போகிறது என்று எழுதிய மாணவிக்கும் இதுவே பதில்.

கனஉலோகம், ஆர்செனிக், அயோடின் பார்ப்பதானால் சாம்பலாக்காதீர்கள், ஆர்செனிக்கும் அயோடினும் பறந்துவிடும். உலர்ந்த பொடியை வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, ஆர்செனிக்கில் மொத்த அளவோடு கனிம ஆர்செனிக்கைத் தனியாகக் கேளுங்கள். கடல்பாசியில் பெரும்பகுதி சர்க்கரையோடு பிணைந்த வடிவம்; நச்சு மிகுந்தது கனிம வடிவம்தான்.

ஒரே பாசிப் பொடியை இரண்டு ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பினேன். புரதம் ஒன்றில் 17.5, இன்னொன்றில் 12.3 சதவீதம். யார் ஏமாற்றுகிறார்கள்?
– வாசகர், குன்னூர்

யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் அனுப்பிய இரு அறிக்கைகளிலும் நைட்ரஜன் ஒன்றே. முதல் கூடம் உலர் எடைக்கு 2.8 சதவீத நைட்ரஜன் கண்டு, அதைப் புரதமாக மாற்ற வழக்கமான 6.25-ஆல் பெருக்கியிருக்கிறது: 17.5. இரண்டாவது, 12 சதவீத ஈரத்தோடு வந்த பொடியை அப்படியே நிறுத்து 2.46 கண்டு, 5-ஆல் பெருக்கியிருக்கிறது: 12.3. கடல்பாசியின் நைட்ரஜன் எல்லாமே புரதம் இல்லை என்பதால் 5 என்பதே நியாயமான பெருக்கி. உலர் எடைக்கு அதைப் போட்டால் 14. நீங்கள் எழுத வேண்டிய எண் அதுதான்.

ஆனால் இந்த 14-ஐக் ‘கஞ்சிப்பாசியின் புரதம்’ என்று லேபிளில் அச்சடிக்காதீர்கள். உரமிட்ட மறுநாள் அறுத்திருந்தால் ஒன்று, இரண்டு வாரம் பட்டினி போட்டு அறுத்திருந்தால் வேறு. நைட்ரஜன் குறைந்தால் பாசி, ஒளியில் பிடித்த கார்பனைப் புரதமாக்க முடியாமல் மாவுச்சத்தாகவும் பசையாகவும் சேர்க்கும். காண்ட்ரஸ் பாசியில் இதை 1970-களிலேயே காட்டியிருக்கிறார்கள்: உரம் கொடுத்ததில் அதன் பசையான கராஜீனன் குறைவு, பட்டினி கிடந்ததில் அதிகம். நிறமியும் புரதமும் வேண்டுமா, உரமிட்டு மங்கிய வெளிச்சத்தில் வைத்து அறுங்கள். அகர் வேண்டுமா, கடைசி ஒன்றிரண்டு வாரம் உரத்தை நிறுத்துங்கள். இரண்டும் ஒரே அறுவடையில் உச்சத்தில் கிடைக்கும் என்று சொல்கிறவரிடம் எதுவும் வாங்காதீர்கள். இன்னொன்று: எரித்து நைட்ரஜன் அளக்கும் டூமாஸ் முறை, பாசி பதுக்கிவைத்த நைட்ரேட்டையும் சேர்த்து எண்ணும், அமிலத்தில் செரித்து அளக்கும் சாதாரண கெல்டால் முறை அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். எந்த முறை என்று அறிக்கையில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

பழைய உப்புநீரை ஓடையில் விடலாமா?
– வாசகர், கூக்கல்தொரை

கூடவே கூடாது. 1,000 லிட்டரில் 35 கிலோ உப்பு இருக்கிறது. வாரம் பத்தில் ஒரு பங்கு மாற்றினாலே ஆண்டுக்கு 180 கிலோ. ஓடையிலோ சதுப்பிலோ தேயிலை வேரடியிலோ விட்டால் அந்த மண் பல ஆண்டு தேறாது. கீழே காய்கறி போடுகிறவர் கிணற்றில் அது எழும். தண்ணீரை மாற்றாமல் சுத்தம் செய்து திரும்பப் பயன்படுத்துங்கள்: வடிகட்டி, பிளீச்சிங் கரைசல் போட்டு ஒரு நாள் விட்டு, சோடியம் தயோசல்பேட்டால் குளோரினை முறித்து, உப்பு அளந்து திருத்தி, மறுபடி தொட்டிக்கு. தவிர்க்க முடியாமல் கழிப்பதை, ஜனவரி முதல் மார்ச் வரையிலான காய்ந்த மாதங்களில், குடிலுக்குள் தார்ப்பாய் விரித்த ஆழமற்ற பாத்தியில் வற்றவைத்து மூட்டையாகக் கட்டுங்கள். மழை மாதங்களில் அது வற்றாது, அதிலுள்ள மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதுவரை மூடிய டிரம்மில் வையுங்கள். தொட்டி வைக்கும் முன்பே மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்பது நல்லது. கழிவுக்கு வழி இல்லாதவர் இதில் இறங்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

மாட்டின் மீத்தேனைக் குறைக்கும் சிவப்புப் பாசியைக் குடிலில் வளர்த்து எங்கள் மாடுகளுக்கே போடலாமா?
– வாசகர், பூம்பாறை

நீங்கள் கேட்பது அஸ்பராகோப்சிஸ். அதன் பஞ்சுருண்டை போன்ற பருவம் தொட்டியில் வளர்வது உண்மைதான், தண்ணீரில் புரோமைடும் வேண்டும். மேலே சொன்ன கலவையில் அது இருக்கிறது. ஆனால் வேலை செய்யும் பொருள் புரோமோஃபார்ம், அதிகமானால் கெடுதி, எளிதில் ஆவியாகும். வெயிலிலோ அடுப்பிலோ காயவைத்தால் பறந்துவிடும். உறைநிலை உலர்த்தியும், ஒவ்வொரு தொகுதிக்கும் வாயு நிறப்பகுப்புச் சோதனையும் வேண்டும். அளவு தெரியாமல் தொட்டியில் அள்ளித் தீவனத்தில் போடாதீர்கள். கஞ்சிப்பாசியைக் கொஞ்சம் கலப்பதானால் நல்ல நீரில் அலசி உப்பைக் குறைத்து, கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள். அது மீத்தேனைக் குறைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.